பந்தக்காலும் எள்ளளவு வண்டும்

போன மாதம் ஏதோ கையெழுத்துப் போட வேண்டும் என்று பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் களப் பையைக் கொட்டி மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உளி, சுத்தி, கைவாள், பூதக்கண்ணாடி, ஸ்பிரிட் புட்டி, வெள்ளைப் பீங்கான் தட்டு, டீ வடிகட்டி. கடைசியாகப் பையின் அடியிலிருந்து மஞ்சள் பொட்டலம், ஒரு குங்குமச் சிமிழ், கொஞ்சம் சூடம். "யாரோ சாமி கும்பிட வச்சத மறந்துட்டாங்க போல சார்" என்றது அவர்களில் ஒரு பெண்.

"மறக்கலம்மா. அதுவும் சாமான்தான், உளி மாதிரி."

"எங்க பயிற்சிப் புத்தகத்துல இல்லயே?"

"அத எழுதினவங்க யாரும் முத்தியால்பேட்டையில சம்பந்தம் பண்ணியிருக்க மாட்டாங்க" என்றேன். இருவரும் சிரித்தார்கள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு பெண் புகுந்த வீட்டுக்குத் திரும்பிப் போவாளா, பிறந்த வீட்டிலேயே கிடப்பாளா என்பது எள்ளளவு வண்டு ஒன்றின் தலையில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தவன். அந்த மஞ்சளும் குங்குமமும் அன்றைக்குத்தான் பைக்குள் வந்தன. நின்றபடியே சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் கலியமூர்த்தி. புதுச்சேரியில் பூச்சி பின்னால் ஓடியே தலை நரைத்தவன். முதலில் நெல்லில் தண்டுத் துளைப்பான், பிறகு தென்னையில் காண்டாமிருக வண்டு. தென்னை வண்டு கட்டைவிரல் பருமன் இருக்கும். கம்பியை விட்டுக் குத்தி இழுத்துப் போட்டால் ஒரு ஆளோடு மல்லுக்கட்டி ஜெயித்த திருப்தி கிடைக்கும். அதற்கப்புறம் நகரத்து மரங்களைப் பார்க்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே எனக்குக் கொடுத்த எதிரியைப் பார்க்கவே பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

இந்த வண்டு நம் ஊர்ப் பிறப்பு இல்லை. பொருள் கட்டி வந்த மரப்பலகையில் வந்தது என்றார்கள், கப்பலில் வந்தது என்றார்கள். யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. இது மரத்தைத் தின்பதில்லை. அதுதான் வேடிக்கை. பெண் வண்டு மட்டும்தான் பறக்கும். பறக்கும்போதே வாய்க்குள் ஒரு பூஞ்சணத்தைச் சுமந்துகொண்டு வரும். மரத்தில் குண்டூசித் துளை போட்டு, உள்ளே சுரங்கம் தோண்டி, சுவரெல்லாம் அந்தப் பூஞ்சணத்தைப் பயிர் பண்ணி, முட்டை வைக்கும். குஞ்சுகள் அதைத் தின்றுதான் வளரும். தாய், துளையின் வாயில் தன் பின்பக்கத்தை அடைப்பாக வைத்துக்கொண்டு காவல் இருக்கும். பூஞ்சணம் பரவப் பரவ மரத்துக்குத் தண்ணீர் ஏறுகிற வழி அடைபடும். வெளியிலிருந்து பார்த்தால் பட்டையில் மெல்லிய வெள்ளைக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும், எரிந்து உதிராத ஊதுபத்திச் சாம்பல் போல. அது வண்டு வெளியே தள்ளின மரத்தூள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஜெர்மேன் மேடம். பூச்சியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். குடும்பத்தில் பாதிப் பேர் பிரான்சில். இவர் மட்டும் இங்கேயே இருந்துவிட்டார். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். என்னை 'முசே கலியமூர்த்தி' என்றுதான் கூப்பிடுவார், ஏதோ கவர்னரைக் கூப்பிடுகிற மாதிரி. சேர்ந்த முதல் நாள் நான் அவசரமாக ஒரு பட்டையைப் பெயர்க்கப் போக, கையைப் பிடித்து, "பசியான்ஸ், பசியான்ஸ்!" என்றார். "பசிக்கல மேடம், சாப்ட்டுத்தான் வந்தேன்" என்றேன். அவர் மரத்தடியிலேயே உட்கார்ந்து சிரித்தார். பொறுமை என்பதற்குப் பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்களாம். அதற்கப்புறம் எங்கள் பிரிவில் டிரைவர் முதற்கொண்டு எல்லோரும் பசியான்ஸ்தான்.

அவர் வேலை செய்கிற அழகைச் சொல்ல வேண்டும். பட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டுவார், அதற்கு மேல் ஒரு நூல் அளவுகூட வெட்ட மாட்டார். குனிந்து முகர்வார். புளித்த மாவு வாசனை வந்தால் உள்ளே பூஞ்சணம் இருக்கிறது. பிறகு உளியை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார். ஒரே மரத்தின் அடுத்த கிளைக்குப் போனாலும் மறுபடி துடைப்பார். "அதே மரந்தான மேடம்?" என்றால், "அதுக்கு இன்னும் நோய் வரல முசே, நாமளா குடுக்கணும்?" என்பார். வெயிலில் மண்டை காயும்போது அந்தத் துடைத்தல் எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் எத்தனை வருஷம் ஆனாலும் அவர் ஒருமுறைகூடத் துடைக்காமல் விட்டதில்லை. அப்படிப்பட்ட ஆள்களை நான் நிறையப் பார்த்ததில்லை.

பொறி வைத்தோம். தண்ணீர் பாட்டிலில் ஜன்னல் வெட்டி, உள்ளே ஸ்பிரிட் ஊற்றித் தலைகீழாகத் தொங்கவிடுவது. வாடின மரத்திலிருந்து சாராய வாடை வரும், அந்த வாடைக்குத்தான் வண்டு வரும். புதுச்சேரியில் தெருவோர மரத்தில் சாராய வாடை அடிக்கிற பாட்டிலைக் கட்டினால் வண்டு மட்டுமா வரும்? முதல் வாரமே பாதிப் பாட்டில் காணோம். மேடம் கோபப்படவில்லை. மறுவாரம் ஸ்பிரிட்டில் சொட்டு நீலம் கலந்தார். நீலமாக இருப்பதை எந்தக் குடிகாரனும் தொடவில்லை. வண்டுக்கு நிறத்தைப் பற்றிக் கவலை இல்லை. வாரா வாரம் வடிகட்டியில் ஊற்றி, பீங்கான் தட்டில் பரப்பி, தூரிகையால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணுவோம்.

அந்தச் சமயத்தில்தான் தலைக்கு மேல் கத்தி வந்தது. முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். அவற்றில் ஒன்றின் கிளை காய்ந்து, நின்றிருந்த ஆட்டோ மேல் விழுந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை, ஆனால் வரிசை மொத்தத்தையும் வெட்டிவிடலாம் என்று மேலே பேச்சு எழுந்தது. மேடம் போய்ச் சொன்னார்: "வெட்டினா வண்டு சாகாது சார், வீடு மாத்தும். இந்த விறகு எந்தெந்தத் தெருவுக்குப் போகுதோ அந்தந்தத் தெருவுக்கு வண்டும் போகும்." அப்படியானால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள், அதுவரை நிறுத்தி வைக்கிறோம் என்றார்கள். அதாவது ரொம்ப நாள் தரமாட்டோம் என்று அர்த்தம்.

எங்கள் கையில் இருந்தது இரண்டு வருஷப் பொறிக் கணக்கு. மேடம் அதைக் கரும்பலகையில் கோடாக வரைந்தார். வீடுகள் இல்லாத ஒரு தோட்டத்தில் மாட்டிய பொறிகளின் கோடு பெரிய மாற்றம் இல்லாமல் போனது. வீடுகள் உள்ள தெருக்களில் மாட்டிய பொறிகளின் கோடு மட்டும் வருஷத்தில் இரண்டு முறை படுத்தது. ஆவணி கடைசியில் ஒரு பள்ளம், தை முடிகிற நேரத்தில் ஒரு பள்ளம். நாங்கள் எல்லோரும் காற்று, மழை, பனி என்று ஆளுக்கொன்று சொன்னோம். "ஏன், தோட்டத்துல மட்டும் மழை பெய்யாதா?" என்றார் மேடம்.

அப்போது அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் திறந்தது. "பொறியில விழுற நாள் வண்டு வெளிய வந்த நாள். நாம பொறந்த நாளையே பாத்துட்டிருக்கோம். கருத்தரிச்ச நாளப் பாக்கணும்." சொல்லிவிட்டுச் சாக்பீஸை எடுத்து அந்தக் கோடு முழுவதையும் ஒன்றரை மாதம் பின்னால் தள்ளி மறுபடி வரைந்தார். ஒரு தாய் வண்டு மரத்துக்குள் நுழைந்து, பிள்ளைகள் வளர்ந்து வெளியே பறக்க ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். இப்போது பள்ளங்கள் இரண்டும் நகர்ந்து போய் வேறு இடத்தில் நின்றன. ஒன்று ஆடியில், ஒன்று மார்கழியில். புரட்டாசியிலும் லேசாக ஒரு குழி இருந்திருக்கிறது, ஐப்பசி மழை அதை மறைத்திருந்தது.

மேடம் எங்கள் பக்கம் திரும்பி, "ஆடியிலயும் மார்கழியிலயும் இந்த ஊர்ல எது நடக்காது?" என்று கேட்டார். அது கேள்வியே இல்லை. எங்கள் டிரைவர், நான், எதிரில் டீ கொண்டுவந்த ஆள் எல்லோரும் ஒரே குரலில் "கல்யாணம்" என்றோம். காற்றும் மழையும் என்று இரண்டு வருஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டு முகூர்த்த நாள் பார்த்து ஊருக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது.

கல்யாணத்தில் மரம் எங்கே வருகிறது? பந்தக்கால்தான். எங்கள் பக்கம் கல்யாண முருங்கைக் கிளையை வெட்டி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி வாசலில் நடுவார்கள். கல்யாணம் முடிந்ததும் அதைக் கொல்லையிலோ முற்றத்து மூலையிலோ நட்டுவிடுவார்கள். அது துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும் என்பது நம்பிக்கை. கல்யாண முருங்கை இந்த வண்டுக்குத் தாய்வீடு மாதிரி. கிராமத்து வேலியில் பிடித்துக்கொண்டு, மாலை மரியாதையோடு தெருத்தெருவாக ஊர்கோலம் வந்திருக்கிறது. நட்ட இடத்திலிருந்து பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்துக்குப் பறக்க எவ்வளவு நேரம்?

வேறு அதிகாரியாக இருந்தால் மறுநாளே 'பந்தக்கால் ஆபத்து' என்று நோட்டீஸ் அடித்திருப்பார். மேடம் அதைச் செய்யவில்லை. "கல்யாணத்துல கை வச்சா ஊரே கதவ சாத்திக்கும்" என்றார். வண்டு இல்லாத வேலிகளாகத் தேடிப் பிடித்து, மார்க்கெட்டில் பந்தக்கால் விற்கிறவர்களுக்கு ஆனி மாதத்துக்குள் நல்ல கால்கள் கிடைக்க வழி செய்தார். ஏற்கெனவே நட்டிருந்தவற்றை வீடுவீடாகப் பார்த்து, கெட்டது இருந்தால் கேட்டு வாங்கிவர வேண்டும் என்பது எங்கள் வேலை. அதற்கு எங்களுக்கு ஒரே ஒரு கட்டளை. எந்த வீட்டிலும் 'உளுத்த' என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. உளுத்த பந்தக்கால் என்று காதில் விழுந்தால் அந்த வீட்டில் வாழ வந்த பெண்ணின் கதி என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வண்டைப் பற்றித் தெரிந்தவர்கள் நாலு பேரைப் பார்த்திருக்கிறேன். இதையும் சேர்த்துத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஆவணி பிறந்திருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்து மரங்களுக்கு நேர் எதிரே ஒரு வீடு. வாசலில் இட்லி மாவு விற்பார்கள். வீட்டுக்காரம்மா பெயர் தனலட்சுமி. கடை, வீடு, கணவர் எல்லாம் அவர் சொல்படிதான். சுற்றியுள்ள பொறிகளில் அந்த வீட்டு மதிலை ஒட்டிய பொறியில்தான் வண்டு அதிகம். "வைகாசியில கல்யாணம் நடந்துச்சாமே, பந்தக்காலப் பாக்கலாமாம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போங்க சார்" என்று கிரைண்டரைப் போட்டுவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தேன். முற்றத்து மூலையில் பழைய புடவை சுற்றி ஏதோ நின்றிருந்தது.

பக்கத்து வீட்டில்தான் விஷயம் கிடைத்தது. மகன் பிரபுவுக்கு வைகாசியில் கல்யாணம். பெண் சரண்யா, பாகூர்ப் பக்கம். பந்தக்கால் நன்றாகத் துளிர்த்திருக்கிறது. ஆடிக்குப் பெண் வீட்டார் வந்து, வழக்கப்படி மகளை அழைத்துப் போயிருக்கிறார்கள். அவள் போன சில நாளில் துளிர் வாடியிருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் காலெல்லாம் வெள்ளை வெள்ளையாக மெல்லிய குச்சிகள். மரத்தூள் என்று யாருக்குத் தெரியும்? யாரோ ஊசி ஊசியாகச் செருகிச் செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று தனலட்சுமியம்மா பயந்து, ஓரிடத்தில் குறி கேட்டிருக்கிறார். வந்தவள் வழியாக வந்தது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். ஆடி முடிந்து ஆவணி வந்தும் மருமகளைக் கூப்பிடவில்லை. பெண்ணின் அப்பா போன் செய்தால் எடுப்பதில்லை. மகன் வாயைத் திறக்காமல் கம்பெனிக்குப் போய்விட்டு வருகிறான்.

ஜீப்பில் உட்கார்ந்திருந்த மேடத்திடம் வந்து சொன்னேன். ஜீப்பை விட்டு இறங்கினார். பிறகு, "அந்தக் கால இன்னைக்கே எடுக்கணும்" என்றார்.

"எதுக்கு மேடம், வண்டுக்கா, பொண்ணுக்கா?"

"ரெண்டும் ஒரே குச்சிலதான இருக்கு முசே?"

நேராகப் போய் மாவு வாங்க வரிசையில் நின்றார். டாக்டர் பட்டம் வாங்கியவர், கையில் எங்கள் டிபன் தூக்கோடு. கூட்டம் கலைகிறவரை நகரவில்லை. தனலட்சுமியம்மாவுக்கு ஆளைப் புரிந்துவிட்டது. "நீங்கதான அந்த மரத்து மேடம்? அந்தக் கால யாருக்கும் காட்ற மாதிரி இல்லம்மா" என்றார். குரல் முன்பு மாதிரி வெட்டாக இல்லை. அந்தம்மாவும் எத்தனை நாள் தூங்கவில்லையோ என்று தோன்றியது. "நான் பாத்துட்டு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் மேடம். புடவை அவிழ்ந்தது.

மேடம் மண்டியிட்டு முகர்ந்தார். தனலட்சுமியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "உளுத்துப் போச்சும்மா. கல்யாணக் காலு உளுத்துப் போச்சு. இதுக்கு மேல என்னா சகுனம் வேணும்?" என்றார். நாங்கள் வாயில் பூட்டுப் போட்டு வைத்திருந்த சொல்லை அவரே சொல்லிவிட்டார்.

மேடம் ஒரு வெள்ளைக் குச்சியைக் கையில் எடுத்து, இது செய்வினை இல்லை, வண்டு என்று ஆரம்பித்தார். பள்ளிக்கூடங்களில் விளக்கும்போது அவர் எப்போதும் சொல்கிற உதாரணம் ஒன்று உண்டு. பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டார். "இந்தப் பொட்ட வண்டு பொறந்த வீட்லேர்ந்து வாயிலயே சீர் கட்டிக்கிட்டு வரும்மா. வந்து நுழைஞ்ச எடத்துல அந்தச் சீர வச்சுத்தான் குடித்தனம் பண்ணும். அதுலதான் மரம் காயுது."

"அதத்தான நானும் சொல்றேன்!" என்று தனலட்சுமியம்மா எழுந்துவிட்டார். "வந்தவ கொண்டாந்ததுலதான் காஞ்சிது! படிச்சவங்க நீங்களே சொல்லிட்டீங்க!"

எனக்கு அந்தக் கிரைண்டருக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. மேடம் முகம் சிவந்துபோனது. வேறு யாராக இருந்தாலும் மழுப்பியிருப்பார்கள். அவர், "தப்பாச் சொல்லிட்டேன்மா. சீருன்னு நான் சொன்னதே தப்பு. மன்னிச்சுக்குங்க. வாயால சொல்லாம கண்ணால காட்றேன், அடிய மட்டும் தோண்டிப் பாக்கணும்" என்றார்.

"கால பிடுங்கறதா? எரிக்கறதுக்கா? அதெல்லாம் சாவுக்குச் செய்யறது!"

"எரிக்க மாட்டோம்" என்றார் மேடம். அப்போது நான் குறுக்கே விழுந்தேன். "நட்டப்ப என்னா செஞ்சீங்களோ அதையே செஞ்சு எடுத்துடுவோம்மா. மஞ்சக் குங்குமம் வச்சு, சூடம் காட்டி, மரியாதையா எடுப்போம்." தனலட்சுமியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்தார். சூடத்தை அவரே ஏற்றினார். மேடம் கை கூப்பி நின்றார். அன்றிலிருந்து எந்த வீட்டில் கால் எடுத்தாலும் இப்படித்தான் எடுத்தோம்; எங்கள் பைக்குள் அந்தப் பொருள்கள் வந்த வழி இதுதான்.

கடப்பாறை போடாமல் கையாலேயே மண்ணை விலக்கினோம். கால் வந்தது. மேடம் அதன் அடியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, தனலட்சுமியம்மாவின் மடிக்குப் பக்கத்தில் பிடித்தார். அரிவாளால் சாய்வாக வெட்டின முகம். அதன் குறுக்கே கறுப்பாக ஒரு சுரங்கம் ஓடியது, பாதி வரை. மீதிப் பாதி இல்லை. அரிவாள் அதைச் சேர்த்து வெட்டியிருந்தது.

"இது எது முன்னாடி இருந்துச்சும்மா? ஓட்டையா, வெட்டா?"

தனலட்சுமியம்மா குனிந்து பார்த்தார். விரலை வைத்துத் தடவினார். "ஓட்டதான். ஓட்டயத்தான் வெட்டியிருக்குது."

"வெட்டினது யாரு?"

"என் தம்பி. தாய்மாமன்தான வெட்டணும்? கல்யாணத்துக்கு முந்தியே வெட்டியாந்து வாசல்ல சாத்தி வச்சிருந்தான்."

"உங்க மருமக அப்ப எங்க இருந்தா?"

"அவ அப்ப இந்த வாசப்படியே மிதிக்கலயே" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

மேடம் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வேலிக்கும் வைத்தியம் செய்ய வேண்டுமே என்ற நினைப்பில், எந்த வேலியில் வெட்டியது என்று கேட்டார். தனலட்சுமியம்மா அந்த வெட்டை மறுபடி விரலால் தடவினார். கடைசியில், "எங்கப்பா வீட்டு வேலி" என்றார். "அப்ப எங்க பொறந்த வீட்லேர்ந்துதான் வந்துதா?"

கொஞ்ச நேரம் முன்னால் அந்தம்மா எங்களைக் கிழித்த கிழிப்புக்கு, இந்த இடத்தில் நானாக இருந்தால் ஒரு வார்த்தை குத்தியிருப்பேன். நாக்கு நுனி வரை வந்தது. மேடம் என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன். அவர் தனலட்சுமியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "யார் வீட்டு மேலயும் தப்பில்லம்மா. அந்த வேலி நல்ல வேலி. வண்டு யார் வேலிக்கும் வரும். உங்க தம்பி ஆசையா வெட்டினாரு, அவருக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கே ரெண்டு வருஷம் தெரியல." அந்த நிமிஷத்துக்காகவே அவரைக் கும்பிடலாம் என்று தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

காலைத் தடித்த பிளாஸ்டிக் தாளில் காற்றுப் போகாமல் சுற்றினோம். அதை அலுவலக மாடியில் வெயிலில் போட்டுவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் செத்துவிடும், எரிக்க வேண்டாம். ஜீப்பில் நல்ல கால் ஒன்று இருந்தது. "புதுசு குடுத்துட்டுப் போறோம்மா. இதுக்குப் பால் ஊத்தறது யாரு?" என்றார் மேடம்.

"கட்டிக்கிட்டவங்கதான் ஊத்தணும். வேற யாரு ஊத்தறது?"

மேடம் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு சும்மா நின்றார். தனலட்சுமியம்மா மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். போன் பேசுகிற சத்தம் கேட்டது. "சரண்யா... அத்தைதான் பேசறேன். சாப்ட்டியா? ... என்னாத்துக்குடி அழுவுற? ... நாளைக்கு அவன் வருவான், கெளம்பி இரு. உங்கப்பாகிட்ட போன குடு, நானே பேசறேன்."

பள்ளிக்கூடத்து மரங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த கிளைகளை மட்டும் அறுத்தோம். ஒரு மரம் போய்விட்டது, மற்றவை நின்றன. பந்தக்கால்கள் மாறியதும் தெருப் பொறிகளின் கோடு மெல்ல மெல்லத் தோட்டத்துக் கோட்டோடு வந்து சேர்ந்தது. வண்டு ஒழியவில்லை, வந்தது போகாது. ஆனால் நம் தோளில் ஏறி ஊர்கோலம் வருவது நின்றது. மேடம் அந்தக் கரும்பலகைக் கோடுகளைக் காட்டிப் பேசப் பெரிய ஊர்களுக்கெல்லாம் போய்வந்தார். முத்தியால்பேட்டை வீட்டை மட்டும் எங்கேயும் சொன்னதில்லை. பெயர்களை மாற்றி நான்தான் இப்போது சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் புதுக் கால் நட்டார்கள். எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் குழி தோண்டிக் கொடுத்தேன். பிரபு பிடித்துக்கொள்ள, சரண்யா மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். சின்னப் பெண். முகத்தில் இன்னும் பயம் தெளியவில்லை. ஒவ்வொன்றுக்கும் மாமியார் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். இருவரும் பால் ஊற்றினார்கள், தனலட்சுமியம்மா ஊற்றினார், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஊற்றினார்கள்.

மேடத்தைத் தேடினேன். வாசலைத் தாண்டி, தெருவுக்கு அந்தப் பக்கம், மரத்தடியில் ஜீப்பை ஒட்டி நின்றிருந்தார். அவர் கணவர் இறந்து பல வருஷம். இந்த மாதிரி காரியங்களில் யாரும் சொல்வதற்கு முன்பே தானாக விலகிப் போய் நின்றுவிடுவார். எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சரண்யா கையில் சொம்போடு நிமிர்ந்தாள். நின்றிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு நேராக வாசலைத் தாண்டித் தெருவைக் கடந்து போனாள். "மேடம், நீங்க இன்னும் ஊத்தல."

"இல்லம்மா... நீங்க செய்ங்க. நான் இங்கயே..." மேடத்துக்கு வார்த்தை தடுமாறி நான் கேட்டதே இல்லை.

"வாங்க மேடம்" என்றாள் சரண்யா. இந்தத் தடவை அவள் மாமியார் முகத்தைப் பார்க்கவில்லை.

பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தனலட்சுமியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். "இன்னும் என்னாத்துக்கு அங்க நிக்கறீங்க? கூப்புடுதில்ல? வெயில் ஏறுது, வாங்க" என்றார்.

மேடம் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சொம்பை இரண்டு கையாலும் வாங்கி ஊற்றினார். எவ்வளவோ வருஷம் அவரோடு மரத்தடி மரத்தடியாக உட்கார்ந்திருக்கிறேன். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். போதும் என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். சரண்யா வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கு மேடம்" என்றாள். "அதையும் நீங்களே ஊத்திடுங்க."